பொக்ஸ் வேலியும் அதை வெட்டிய கைகளும்

எமது பழைய மாணவிகளுள் குளிர்நாடுகளில் வாழ்பவர்கள் இன்று பலர். அவர்களுள் எத்தனையோ பேரின் வீட்டு வாசலில், அல்லது பக்கத்து வீட்டு வாசலில், முழங்கால் உயரத்துக்குச் சதுரமாக வெட்டிவிட்ட ஒரு பச்சை வரம்பு நிற்கும். இலை சிறுவிரல் நகத்தின் அளவு, பளபளப்பானது, பனிக்காலத்திலும் உதிராது. பெயர் என்னவென்று கேட்டால் "ஏதோ ஒரு பத்தை" என்பார்கள். அதன் பெயர் பொக்ஸ். தாவரவியலார் வைத்த பெயர் பக்சஸ் செம்பவிரன்ஸ். செம்பவிரன்ஸ் என்ற இலத்தீன் சொல்லுக்கு எப்போதும் பசுமையானது என்று பொருள். ஐரோப்பியத் தோட்டங்களில் ஈராயிரம் ஆண்டுகளாக அந்தப் பெயருக்குப் பழுது வரவில்லை. கடந்த முப்பது ஆண்டுகளில் வந்துவிட்டது.

மலர்க் குழுவினர் என்னிடம் வரலாற்றுக் கட்டுரை ஒன்று கேட்டார்கள். கல்லூரியின் வரலாற்றை எழுத என்னிலும் மூத்த அக்காமார் இருக்கிறார்கள். மருத்துவத்தைப் பற்றி எழுதினால் மலரிலும் ஆலோசனை அறையைத் திறந்துவிட்டேன் என்று வகுப்புத் தோழிகள் சிரிப்பார்கள். ஆகவே இங்கிலாந்தின் தென்பகுதியில் என் வீட்டு வாசலில் நிற்கும் இந்தச் செடியின் வரலாற்றை எடுத்துக்கொண்டேன். மருத்துவம் இடையிடையே வருமென்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் வேலி என்றால் அது மறைப்பு. கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதியாலாக நிற்க, கிடுகோ பனையோலையோ அடைத்து, வீதியால் போகிறவர் வளவுக்குள் இருப்பதைக் காணாதபடி செய்வது. பொக்ஸ் வரம்பு எதையும் மறைப்பதில்லை. ஆடு வந்தாலும் தடுக்காது. இலை கசப்பும் நஞ்சும் ஆனதால் ஆடு அதைத் தின்னாது, தாண்டிப் போய்விடும். அது நிலத்தில் செடியால் இழுத்த ஒரு கோடு. இங்கே பாதை, அங்கே பூப்பாத்தி என்று கண்ணுக்குச் சொல்லுகிற கோடு. கோடு நேராக இருக்கவேண்டுமானால் ஆண்டுதோறும் யாரோ குனிந்து நின்று வெட்டவேண்டும். ஆகவே இந்தச் செடியின் வரலாறு பெரும்பாலும் அதை வெட்டியவர்களின் வரலாறுதான்.

எழுத்தில் கிடைக்கும் பழைய சாட்சியங்களில் சிறந்தது உரோமரான இளைய பிளினியுடையது. கி.பி. 1 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 2 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்தவர். தஸ்கனிப் பகுதியிலிருந்த தம் நாட்டுப்புற மாளிகையைப் பற்றி நண்பருக்கு எழுதிய கடிதத்தில், பொக்ஸ் செடிகளை விலங்குகளின் உருவில் வெட்டியிருப்பதை வருணிக்கிறார். ஓரிடத்தில் அவை எழுத்துகளாகவும் வெட்டப்பட்டிருந்தனவாம். சில எழுத்துகள் வீட்டு எசமானின் பெயரைச் சொல்லின. சில அவற்றை வெட்டிய தோட்டக்காரனின் பெயரைச் சொல்லின. அந்தக் காலத்தில் இத்தகைய தோட்டக்காரர் பெரும்பாலும் அடிமைகள். எசமானின் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரையும் பச்சை எழுத்தில் வளர்க்க ஒருவனுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அந்தப் பெயர் என்னவென்று பிளினி எழுதவில்லை. எனக்கு அவர் மேல் உள்ள குறை அது ஒன்றுதான்.

செடியை விடப் பழைய புகழ் அதன் மரத்துக்கு உண்டு. மிக மெதுவாக வளர்வதால் மரம் இறுகி, மஞ்சள் தந்தம்போல வழுவழுப்பாக இருக்கும். பச்சையாக வெட்டிய துண்டைத் தண்ணீரில் போட்டால் தாழ்ந்துவிடும். கிரேக்கர் இந்த மரத்தைப் பிக்சோஸ் என்றார்கள். அதில் கடைந்த மூடியுள்ள சிறு செப்பைப் பிக்சிஸ் என்றார்கள். மருந்தும் களிம்பும் அதில் வைத்தார்கள். இலத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது செடிக்கும் பொக்ஸ் என்றே பெயர், பெட்டிக்கும் பொக்ஸ் என்றே பெயர். நாங்கள் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோன சாப்பாட்டுப் பொக்ஸ், கணிதப் பொக்ஸ் எல்லாவற்றுக்கும் பெயர் தந்தது இந்தச் செடிதான்.

பின்னர் நெடுங்காலம் தோட்டங்களில் இதற்குப் பெரிய இடம் இருந்ததாகத் தெரியவில்லை. 16 ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் நிலைமை மாறியது. நாலாம் ஹென்றி மன்னரின் தோட்டக்காரர் குளோட் மொலே, நிலத்தில் பூவேலைபோலக் கோலமிடும் தோட்டங்களுக்கு ஏற்ற செடி தேடினார். அதுவரை வாசனைச் செடிகளால் கோலம் போட்டார்கள். அவை வெயிலிலும் பனியிலும் பட்டுப்போக, மூன்று நாலு ஆண்டுக்கொருமுறை எல்லாம் திரும்ப நடவேண்டியிருந்தது. பொக்ஸ் பட்டுப்போவதில்லை. ஆனால் பெரிய இடத்து மனிதர்கள் பலர் அதை விரும்பவில்லை; காரணம் மணம். வெயிலேறிய பொக்ஸ் வேலிக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும்: பூனை மூத்திரத்தை நினைப்பூட்டும் ஒரு வாடை. சிலருக்கு அது பிடிக்கும், சிலருக்குத் தலையிடி வரும். இங்கிலாந்தின் ஆன் அரசி இரண்டாவது வகை. 1702 இல் பட்டத்துக்கு வந்ததும் ஹம்ப்டன் கோர்ட் அரண்மனைத் தோட்டத்திலிருந்த பொக்ஸைப் பிடுங்கி எறியச் செய்தார். அவர் மைத்துனர் வில்லியம் மன்னர் பெரும் பணம் செலவழித்து அமைத்த தோட்டம் அது. 1995 இல் அந்தத் தோட்டத்தை 1702 இல் இருந்தபடியே மீள அமைத்திருக்கிறார்கள். லண்டனுக்கு வருகிற எமது பிள்ளைகள் பக்கிங்ஹாம் வாசலில் படமெடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு பின்னேரம் ஹம்ப்டன் கோர்ட்டுக்கும் போய்ப் பார்க்கலாம்.

இங்கிலாந்தில் பொக்ஸ் காடாக நிற்கும் இடங்கள் மிகச் சில. சரே மாவட்டத்தில் சுண்ணாம்புச் சரிவொன்றில் நிற்பதால் அந்தக் குன்றுக்கே பொக்ஸ் ஹில் என்று பெயர். ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு அது ஜேன் ஒஸ்ரினின் 'எம்மா' நாவலில் எல்லோரும் வனபோசனத்துக்குப் போய் மனக்கசப்போடு திரும்பும் குன்று. சுண்ணாம்பு மண்ணை இந்தச் செடி பொறுக்கும், விரும்பும் என்றே சொல்லலாம். அந்த வகையில் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் அதற்கு ஒத்துவரக்கூடியது. ஒத்துவராதது எங்கள் வெயிலும், குளிர்காலம் இல்லாமையும். ஆகவே வெள்ளைக்காரர் இலங்கையில் தங்கள் ஊர்த் தோட்டங்களின் சாயலை உண்டாக்க முனைந்தபோது வேறு செடிகளைத்தான் வெட்டினார்கள். கறிவேப்பிலையின் நெருங்கிய உறவான, வெள்ளைப் பூப் பூக்கும் ஒரு செடி அவற்றில் ஒன்று. சிங்களத்தில் எட்டேரியா என்பார்கள். ஆங்கிலத்தில் அதற்குச் சைனா பொக்ஸ் என்றே ஒரு பெயர் உண்டு. எமது கல்லூரி முற்றத்தில் நின்றது குரோட்டன். அதைக் கயிறு பிடித்து நேராக வெட்டிய தோட்டக்கார ஐயாவுக்குப் பொக்ஸ் என்றொரு செடி இருப்பது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அவர் கயிறு பிடித்த முறை குளோட் மொலேயின் முறைதான்.

இனி மருத்துவம். 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நியூகாசிலைச் சேர்ந்த தோமஸ் பியூவிக் என்ற சித்திரச் செதுக்குநர், பொக்ஸ் மரத்தைக் குறுக்காக அறுத்து, அந்த வெட்டுமுகத்தில் செப்புத்தகட்டுக்குரிய நுண்ணிய உளியால் செதுக்கும் முறையைச் சிறப்புறச் செய்தார். நெடுக்காக அறுத்த பலகையில் நார் இழுத்துக்கொண்டு போகும். குறுக்கு வெட்டில் மயிரிழைபோன்ற கோடும் நிற்கும். அச்செழுத்துகளோடு ஒரே சட்டத்தில் வைத்து இறுக்கி அச்சடிக்கலாம். ஆயிரக்கணக்கில் அடித்தாலும் தேயாது. 19 ஆம் நூற்றாண்டின் படப் பத்திரிகைகளும் பாடப்புத்தகங்களும் இந்த மரத்தின்மேல்தான் நின்றன. பொக்ஸ் மரம் பருப்பதில்லை ஆதலால் பெரிய படத்துக்குச் சிறு துண்டுகளைச் சேர்த்துப் பூட்டினார்கள். இங்கிலாந்தின் பொக்ஸ் எம்மட்டுக்குப் போதும்? கருங்கடலின் கரைகளிலிருந்தும் கோக்கசஸ் மலைக்காடுகளிலிருந்தும் கப்பல் கப்பலாக இறக்கினார்கள். கோக்கசஸ் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வரும்.

மருத்துவம் படித்த எல்லோரும் ஒருமுறையாவது தூக்கிய பாரமான புத்தகம் கிறேயின் உடற்கூற்றியல். முதற் பதிப்பு 1858 இல் வந்தது, 363 படங்கள். எழுதியவர் லண்டன் சென். ஜோர்ஜ் வைத்தியசாலையின் ஹென்றி கிறே. வரைந்தவர் அவரிலும் இளையவரான ஹென்றி வன்டைக் கார்ட்டர் என்ற மருத்துவர். கார்ட்டர் பொக்ஸ் மரக் கட்டைகளின்மேலேயே, அச்சில் நேராக விழும்படி இடம்வலம் மாற்றி வரைந்தார். எலும்புக்குப் பக்கத்தில் எண் போட்டுக் கீழே பெயர் எழுதும் பழைய வழக்கத்தை விட்டு, தசையின் மேலும் நரம்பின் மேலும் பெயரைப் படத்திலேயே எழுதினார். படிக்கிற பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம் என்பதை இரவிரவாக மனனம் செய்தவர்களே அறிவர். அந்தக் கோடுகளைப் பட்டர்வேர்த் அன்ட் ஹீத் என்ற செதுக்குநர்கள் கட்டையில் வெட்டினார்கள்.

பிளினியின் தோட்டத்தில் இருந்த நியாயம் இங்கே இருக்கவில்லை. முகப்புப் பக்கத்தின் பரிசோதனைப் பிரதியில் கார்ட்டரின் பெயர் தன் பெயருக்குச் சமமான எழுத்தில் நிற்பதைக் கண்டு, அதைச் சிறிதாக்கும்படி குறித்து அனுப்பியவர் கிறே. விற்பனைப் பங்கும் கிறேக்குத்தான். கார்ட்டருக்கு ஒரு தொகை ஒரே தடவை. புத்தகம் வருமுன்னரே கார்ட்டர் பம்பாய்க்குக் கப்பலேறிவிட்டார். அங்கே கிரான்ட் மருத்துவக் கல்லூரியில் கற்பித்து, தொழுநோயையும் 'மதுரைப் பாதம்' என்று மருத்துவ நூல்கள் சொல்லும் கால்நோயையும் ஆராய்ந்தார். அந்தக் கால்நோய்க்குப் பங்கசு காரணம் என்பதை நிலைநிறுத்தியவர்களுள் அவர் முதன்மையானவர். கிறேயோ 1861 இல், 34 வயதில், பெரியம்மை நோயாளியான உறவுப் பிள்ளை ஒன்றைப் பராமரிக்கப்போய் அதே நோயால் இறந்தார். இருவரில் யாரை வெறுப்பதென்று எனக்குத் தெரியவில்லை, ஒருவரையும் வெறுக்கமுடியவில்லை.

அந்தப் புத்தகம் எங்கள் ஊருக்கும் வந்தது. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிசனறி டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கியும் ஆக்குவித்தும் வந்ததை யாழ்ப்பாணத்தார் அறிவர். 1872 இல் வெளிவந்த 'மனுஷ அங்காதிபாதம்' என்ற நூலுக்கு அடிப்படையாக அமைந்தவற்றுள் கிறேயின் நூலும் ஒன்று. லண்டனில் நூல் வந்து பதினான்கே ஆண்டுகளில் எமது மொழியில் அதைக் கற்பித்திருக்கிறார்கள்.

பொக்ஸ் இலையையும் மருத்துவர்கள் விட்டுவைக்கவில்லை. 1830 இல் பிரான்சில் இதிலிருந்து ஒரு காரப்பொருளைப் பிரித்தெடுத்துப் பக்சின் என்று பெயரிட்டார்கள். மலேரியாக் காய்ச்சலுக்குக் குவினைன் கிடைக்காத இடங்களில் பதிலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். நஞ்சின் அளவுக்கும் மருந்தின் அளவுக்கும் இடைவெளி சிறிது. வாந்தி, வயிற்றோட்டம், வலிப்பு வரை போகும். குவினைன் வென்றது. இலங்கையில் ஹக்கல தாவரவியற் பூங்கா 1861 இல் தொடங்கப்பட்டதே சிங்கோனா மரத்தை வளர்க்கத்தான். குழந்தைகள் உள்ள வீட்டில் பொக்ஸ் இருந்தால் இலையை வாயில் வைக்கவிடாதீர்கள் என்பதோடு இந்த விடயத்தை முடிக்கிறேன்.

இன்று பொக்ஸ் தோட்டம் என்றதும் பலர் சொல்வது பிரான்சின் வில்லாந்ரி. அதன் இன்றைய உருவத்துக்குக் காரணமானவரும் எங்கள் தொழில்காரர்தான். ஹோவாக்கிம் கார்வல்யோ ஸ்பெயினில் பிறந்த மருத்துவர். பின்னர் நோபல் பரிசு பெற்ற சார்ள்ஸ் ரிஷேயின் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர். அந்த ஆய்வுகூடத்திலேயே அமெரிக்கப் பெண்ணான ஆன் கோல்மனைச் சந்தித்து மணந்தார். இருவரும் 1906 இல் இடிபாடாகக் கிடந்த வில்லாந்ரியை வாங்கி, ஆய்வுகூடத்தை விட்டுவிட்டு, பழைய 16 ஆம் நூற்றாண்டுப் பாணியில் தோட்டத்தை மீட்டார்கள். காதலின் நாலு நிலைகளை இதயமாகவும் வாளாகவும் விசிறியாகவும் பொக்ஸால் வரைந்திருக்கிறார்கள். கத்தரியும் கோவாவும் கூடப் பொக்ஸ் வரம்புக்குள்தான் வளர்கின்றன. கோல்மனின் பணமில்லாமல் இது நடந்திராது. பெயர்ப் பலகையில் கணவரே முன்னுக்கு நிற்பார். பெண்கள் கல்லூரியின் மலர் என்பதால் இதைக் குறித்துவைக்கிறேன்.

இந்தச் செடியை வளர்ப்பது கடினமல்ல, பொறுமைதான் வேண்டும். தண்ணீர் தேங்காத மண் முதல் நிபந்தனை. வேர் மேலோட்டமானது, ஆதலால் அடியில் மண்வெட்டி போடக்கூடாது. மக்கிய இலைக்குப்பையை மெல்லியதாகப் பரப்பினால் போதும். பாதி நிழலிலும் வளரும். சாதாரண வகை ஆண்டுக்கு 10 முதல் 15 சென்ரிமீற்றர் வளரும். வரம்புக்கென்றே வைத்திருக்கும் குள்ள வகை அதிலும் மெதுவானது. சாடியில் வைத்ததன் இலை பனிக்காலத்தில் செம்மஞ்சளாக மாறினால் அது நோயல்ல, பெரும்பாலும் பசி. சோகை பிடித்த முகம்போலத்தான். இளவேனிலில் பசளை வைத்தால் திரும்பும். புதுக்கன்று வேண்டுமானால் கோடையின் கடைசியில் விரலளவு தண்டுகளை முறித்து, கீழ் இலைகளை உருவி, மணல் கலந்த மண்ணில் குத்திவிட்டு மாதக்கணக்கில் மறந்துவிடவேண்டும். பொக்ஸ் வரம்புகள் பெரும்பாலும் விதையிலிருந்து வந்தவையல்ல. யாரோ ஒருவர் முறித்துக் கொடுத்த தண்டிலிருந்து வந்தவை. எங்கள் ஊரில் மல்லிகைப் பதியமும் செவ்வரத்தைத் தடியும் வீடு மாறுவதுபோல.

வெட்டும் காலத்துக்கு ஆங்கிலேயர் வைத்த குறிப்பு டார்பி நாள். எப்சத்தில் குதிரைப் பந்தயம் நடக்கும் ஜூன் தொடக்கம். இளந்தளிரைக் கருக்கும் பனி அதற்குப் பின் விழாது என்பது கணக்கு. மந்தாரமான நாளில் வெட்டவேண்டும். நல்ல வெயிலில் வெட்டினால் உள்ளே நிழலிலிருந்த இலைகள் திடீரென்று வெளிப்பட்டு வெந்துபோகும். பழைய மரத்திலிருந்தும் தளிர்க்கும் செடியாதலால், கோணலாகிப்போன வேலியை அரைவாசிக்கு வெட்டியும் மீட்கலாம்.

இவ்வளவும் நூற்றாண்டுகளாக எல்லோரும் அறிந்தது. 1994 இல் ஹம்ப்ஷயரில், கன்று வளர்க்கும் ஓர் இடத்தில், யாரும் அறியாத ஒன்று தென்பட்டது. இலையில் கபிலப் புள்ளி, இளந்தண்டில் கறுப்புக் கீறல், சில நாட்களில் இலையெல்லாம் கொட்டி வெறும் குச்சி. பங்கசால் வரும் வெளிறல் நோய். பத்தாண்டுகளுக்குள் ஐரோப்பாவில் பரவி, 2011 இல் அமெரிக்காவிலும் கண்டறியப்பட்டது. இலை சில மணிநேரம் ஈரமாக இருந்தாலே வித்தி முளைத்துவிடும். நெருக்கமாக, சுவர்போல வெட்டிய வேலியின் உட்பக்கம் காயாது. எந்த வெட்டு இந்தச் செடிக்குப் பெருமை தந்ததோ அந்த வெட்டே நோய்க்கு வீடு கட்டிக் கொடுத்தது. வித்தி ஒட்டும் தன்மையுடையது. கத்தரிக்கோலில், சப்பாத்தில், தெறிக்கும் தண்ணீரில் பயணம் செய்யும். விழுந்த இலையில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

வைத்தியசாலையில் வேலை செய்பவளுக்கு இதில் புதுமை இல்லை. ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவரிடம் நோயைக் கொண்டுபோவது எங்கள் கைதான் என்று 1847 இல் வியன்னாவில் செம்மல்வைஸ் காட்டினார். பிரசவ அறையில் கை கழுவச் சொன்னதற்காக அவரைச் சக மருத்துவர்கள் பகைத்தார்கள். வீடு வீடாகப் போய்ப் புல்லும் வேலியும் வெட்டுகிறவர் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் கத்தரிக்கோலைக் கழுவுவதில்லை. நான் கழுவச் சொன்னபோது என் வீட்டுக்கு வந்தவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். பிறகு பழகிவிட்டார்.

இரண்டாவது அடி அந்துப்பூச்சி. கிழக்காசியாவின் பூச்சி, 2007 இல் ஜேர்மனியில் கண்டார்கள், இங்கிலாந்தையும் அது வந்தடைந்தது. வெள்ளைச் சிறகு, கபில விளிம்பு, பார்க்க அழகு. புழு பச்சை மஞ்சள். கறுப்புக் கோடும் கறுத்த தலையும். இலைகளை நூலால் பின்னி உள்ளேயிருந்து தின்பதால், வெளியே தெரியும்போது பாதி வேலி போயிருக்கும். என் வேலியில் ஒரு ஜூன் மாதம் கண்டது அதைத்தான்: சிலந்தி வலைபோல ஒன்று, அதற்குள் பச்சை மணிகளாக எச்சம். சீனாவிலிருந்து வந்த கன்றுகளோடு அது ஐரோப்பாவுக்கு வந்திருக்கலாம் என்பதே பொதுவான கருத்து. பூச்சி தானாக வரவில்லை; கொள்கலனில் வந்தது.

மிகப் பெரிய இழப்பு தோட்டங்களில் அல்ல. 2014 இல் ரஷ்யாவின் சோச்சியில் பனிக்கால ஒலிம்பிக் போட்டி நடந்தது. அதற்காக நகரை அழகுபடுத்த 2012 இல் இத்தாலியிலிருந்து பொக்ஸ் கன்றுகளை இறக்கினார்கள். கன்றுகளோடு பூச்சியும் வந்தது. சோச்சிக்குப் பின்னால் நிற்பது கோக்கசஸ். பியூவிக்கின் வழிவந்த செதுக்குநர்களுக்கு மரம் போன அதே பகுதி. கோடரிக்குத் தப்பி, பாசி படர்ந்து, நூற்றாண்டுகளாக நின்ற கொல்கிஸ் பொக்ஸ் மரங்களைப் புழு சில ஆண்டுகளில் மொட்டையாக்கியது. இலை முடிந்ததும் பட்டையைத் தின்றது. ஹொஸ்தா என்ற இடத்தில் பாதுகாக்கப்பட்ட பொக்ஸ் தோப்பு ஏறக்குறைய முற்றாக அழிந்தது. அப்காசியாவிலும் ஜோர்ஜியாவிலும் அதே கதை. இரண்டு கிழமை விளையாட்டுக்கு வாசல் அலங்காரம் செய்யப்போய் ஒரு காட்டைக் கொன்றார்கள். இதை வேறுவிதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

தோட்டங்கள் தங்கள் தங்கள் வழியில் பதில் சொல்கின்றன. பாரிசுக்கு அண்மையிலுள்ள வோ லெ விகொன்ட் மாளிகையில், லெ நோத்ர் 17 ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய புகழ்பெற்ற தோட்டத்தின் பொக்ஸ் கோலங்களை 2019 இல் அகற்றிவிட்டு, அந்த இடத்தில் வானத்தைப் பிரதிபலிக்கும் உலோகத் தகடுகளைத் தற்காலிகமாகப் பரப்பினார்கள். வேறு பலர் பொக்ஸைப் போலவே இலையுள்ள யப்பானிய ஹொலியையோ, சிற்றிலை யூவொனிமஸையோ நடுகிறார்கள். தொலைவிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது. ஹொலிக்குச் சுண்ணாம்பு மண் பிடிக்காது, அதுதான் தொல்லை. யூ என்ற மரமும் உண்டு. அதன் இலைக் கழிவைச் சேர்த்து, மார்புப் புற்றுநோய்க்கு நாங்கள் கொடுக்கும் டொசிடக்சல் மருந்துக்கு மூலப்பொருள் எடுக்கிறார்கள். வேலி வெட்டிய குப்பை மருந்தாவது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஆனால் யூவும் நஞ்சுதான்.

பிடுங்கிவிடுவதா, காப்பதா? என்னிடம் கேட்பவர்களுக்கு நான் இரண்டையும் சொல்வேன், ஏனென்றால் இரண்டையும் செய்திருக்கிறேன். வாசலுக்கு இடப்பக்கம் நின்றது நிழலான, காற்றோட்டமில்லாத மூலை. வெளிறலும் புழுவும் சேர்ந்து பிடித்தன. அதை வேரோடு எடுத்து, விழுந்த இலைகளையும் மேல்மண்ணில் ஒரு விரற்கடையையும் அள்ளி, யூ நட்டேன். வலப்பக்கம் வெயிலும் காற்றும் உள்ளது, அது நிற்கிறது. ஆனால் பழைய சதுரம் இல்லை. ஆண்டுக்கொருமுறை, காய்ந்த நாளில், தளர்த்தியாக வெட்டுகிறேன். உள்ளே கையை விட்டால் காற்றுப் படவேண்டும். தண்ணீர் அடியில் மட்டும். பங்குனியிலிருந்து புரட்டாதி வரை கிழமைக்கொருமுறை இலையை விரித்துப் பார்ப்பேன். புழுவைக் கண்டால் கையால் பொறுக்கி, தேவைப்பட்டால் புழுவை மட்டும் கொல்லும் பக்றீரியாத் தெளிப்பு. வட்டுக்குள் ஆணும் பெண்ணும் சந்திக்காதபடி ஆண் பூச்சியைப் பிடிக்கும் பொறி ஒன்றும் தொங்குகிறது. அது பூச்சி வந்துவிட்டது என்று சொல்லுமே தவிர வேலியைக் காக்காது. பட்டை தின்னப்படாதவரை வெறுங்குச்சியான செடியும் திரும்பத் தளிர்க்கும், ஆகவே அவசரப்பட்டுப் பிடுங்கவேண்டாம்.

புதிதாக நட விரும்பும் தங்கச்சிமாருக்கு: கன்றை எங்கே வளர்த்தார்கள் என்று கேளுங்கள். தாங்களே தண்டு முறித்து உண்டாக்கியது என்று சொல்கிற இடத்தில் வாங்குங்கள். வாங்கியதை நேரே பழைய செடிகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்காமல், ஒரு மாதமாவது வளவின் மறுகோடியில் தனியாக வைத்துப் பாருங்கள். தெரிந்தவர்கள் அன்போடு தண்டு முறித்துத் தந்தாலும் அப்படியே.